இரண்டு பாங்குக்கு நடுவே ஒரு கோல்

மார்ச் 9

நேற்று நகரத்திலிருந்து ஒரு சங்கத்தார் வந்தார்கள். கால்பந்தும் சீருடையும் கொடுத்து, எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நிலநடுக்கம் நடந்து ஆறு மாதமாகிறது, இன்னும் கூடாரத்தில்தான் கிடக்கிறோம். செங்கல் எப்போது வரும் என்று கேட்டேன். "அது வேற துறை தம்பி" என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டே சொன்னார்.

மார்ச் 11

அக்கா இஜ்ஜாவைப் பார்க்க நர்ஸ் கோவேறு கழுதையில் மலையைச் சுற்றி வந்துபோனாள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். வலி எடுத்தால் உடனே மராகேஷ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

எப்படிக் கொண்டுபோவது?

எங்கள் ஊர் தகாதிர்த்துக்கு வந்த சாலை மலையோடு சரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கீழே இமின்தாலா வரைதான் வரும். அங்கே இறங்க ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை, அதுவும் அந்த ஊரின் அக்ரூட் தோப்பு வழியாக. அதை அவர்கள் முள்ளும் கல்லும் போட்டு அடைத்துவிட்டார்கள். சுற்றுவழியில் போனால் அரை நாள். வலியோடு அரை நாள்!

அடைத்ததில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நிலநடுக்கத்துக்கு முதல் வாரம் வந்த நிவாரண லாரி எல்லாவற்றையும் கீழேயே இறக்கியது. அவர்கள் பதுக்கிவிட்டார்கள் என்று நாங்கள் போலீஸைக் கூட்டிப் போனோம். பெண்கள் படுத்திருந்த கூடாரங்களைக்கூடத் திரையைத் தூக்கித் தேடினோம். மூன்று போர்வை கிடைத்தது. நானும் தேடியவன்தான்.

மார்ச் 12

முதல் நோன்பு. சிகரெட் இல்லாமல் எல்லோருக்கும் எல்லோர் மேலும் எரிச்சல்.

மார்ச் 14

என் கூட்டாளி பஹா ஒரு யோசனையோடு வந்தான். நோன்பு மாதத்தில் இரண்டு ஊருக்கும் வழக்கமாக நடக்கும் ஆட்டத்தை இந்த வருடமும் வைக்கலாமாம்.

"மைதானம் அவனுங்க ஊர்ல. நாம ஆட வரணும்னா அவனுங்க பாதையைத் திறந்துதானே ஆகணும்?"

"பொணம் தோண்டின கையோட பந்தாடா ஆடச் சொல்ற?"

"கையால எவன்டா ஆடச் சொன்னான்? கையால ஆடினா ஃபவுல்."

அடிக்கப் போனேன், சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று!

மார்ச் 15

ஆட்டம் வைக்கலாமா என்று கேட்டு அனுப்பியதற்கு இமின்தாலா கோல்கீப்பர் ஹம்முவிடமிருந்து பதில் வந்தது: "வரச் சொல்லு. போலீஸைக் கூட்டிட்டு வர வேணாம்னும் சொல்லு."

மார்ச் 19

நேற்று ஆட்டம். இன்று கால் வலிக்கிறது, தொண்டையும் வலிக்கிறது. கத்தியதுதான் அதிகம்.

பாதையில் ஓர் ஆள் நுழையுமளவுக்கு மட்டும் முள்ளை விலக்கியிருந்தார்கள். எங்கள் கோல்கீப்பர் பிஹி மண்ணுக்குள் இருக்கிறான், அவன் இடத்தில் பஹா நின்றான். அவர்கள் பக்கமும் ஆள் போதவில்லை. யார் எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் கிடையாது. சூரியன் மறைந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் ஆட்டம் முடிந்தது, நோன்பு திறக்கலாம். என்றைக்கும் அப்படித்தான். இடிந்த பள்ளிவாசல்களோடு ஒலிபெருக்கியும் போய்விட்டதை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் மோதினார் மஹ்ஃபூத் கைபேசியைப் பார்த்து பாங்கு சொல்பவர், அவர்கள் மோதினார் மலைமுகட்டு வெளிச்சத்தைப் பார்த்து. ஒருவர் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றார், மற்றவர் அந்தக் கோடியில்.

ஒன்றுக்கு ஒன்று. மஹ்ஃபூத் பாங்கைத் தொடங்கிவிட்டார். அவர்கள் மோதினார் இன்னும் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதைத்தேன். பந்து ஹம்முவின் கைக்கு அடியில் உள்ளே போனது.

"பாங்கு சொல்லியாச்சுடா! செல்லாது!" என்றான் ஹம்மு.

"உங்க ஊர்ல உங்க மோதினார் பாங்குதான் கணக்கு! அவர் இன்னும் வாயே திறக்கல!"

"உங்க ஆளு பொய் சொல்றாருங்கறியா? மஹ்ஃபூத் மாமாவா பொய் சொல்வாரு?"

அவர்கள் எங்கள் மோதினார்மேல் சத்தியம் செய்தார்கள். நாங்கள் அவர்கள் மோதினார்மேல். மஹ்ஃபூத் பாவம், எங்கள் ஆட்களிடமே திட்டு வாங்கினார்.

ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். அவ்வளவுதான், போர்வைப் பேச்சு வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். அதற்குள் அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஹரீரா கஞ்சிப் பானையை நடுவில் வைத்தாள். "முதல்ல குடிங்கடா. காஞ்ச வயித்துல திட்டினா திட்டுகூட சரியா வராது." குடித்தோம். குடித்துவிட்டு மறுபடி திட்டினோம்.

மார்ச் 21

இமின்தாலாவிலிருந்து தினம் யாராவது மேலே வருகிறார்கள். கோல் இல்லை என்று நிரூபிக்க. நேற்று வந்த கிழவர் கூழாங்கற்களை மண்ணில் பரப்பி யார் எங்கே நின்றான் என்று காட்டினார். எங்கள் ஆட்கள் கல்லை நகர்த்தி வைத்தார்கள், அவர் திருப்பி வைத்தார். முள்ளைத் தாண்டி வர அவர்களுக்கே சிரமமாக இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிப் போட்டுவிட்டார்கள்.

பெரிய சமாதானம் என்றெல்லாம் எழுத மாட்டேன். தேடியதற்கு நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. செங்கல்லும் வரவில்லை. திட்டுவதற்கு ஒரு புது விஷயம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 23

விடிந்ததும் வலி. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல பஹா கீழே ஓடினான். போர்வையில் இரண்டு கம்பைச் செருகி அக்காவைத் தூக்கி, நாங்கள் பாதி வழி இறங்குவதற்குள் ஹம்முவும் அவன் ஆட்களும் எதிரே வந்துவிட்டார்கள். எதுவும் கேட்கவில்லை. தோள் கொடுத்தார்கள். கால் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், ஹம்மு ஆரம்பித்தான்:

"இருந்தாலும் அது கோல் இல்லடா."

"கோல்தான்."

"என் கை பாங்கு கேட்டதும் நின்னுடுச்சு. இல்லன்னா பிடிச்சிருப்பேன்."

"கோலோ மண்ணோ, குலுக்காம தூக்குங்கடா பாவிகளா!" என்று கத்தினாள் அக்கா.

அப்புறம் அடியைப் பார்த்து வைத்து இறங்கினோம். ஹம்முவின் தோள் என் தோளோடு உரசிக்கொண்டே வந்தது. கீழே ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

மார்ச் 24

ஆபரேஷன். பெண். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

மார்ச் 26

அம்மா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு இமின்தாலாவுக்குக் கிளம்பினாள். துணைக்குப் போனேன். அன்று நாங்கள் திரையைத் தூக்கித் தேடிய பெண்களின் கூடாரங்களுக்குத்தான் போனாள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, திரையைத் தொடாமல் வெளியே நின்று கூப்பிட்டாள். உள்ளே பேச்சு நின்றது. அம்மா ரொட்டிக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

உள்ளே வரச் சொல்ல அவர்களுக்கு நேரமாயிற்று. ஆனால் சொன்னார்கள்.