முட்டை போட்ட கட்டங்கள்

இன்று காலை மருத்துவமனையிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படிவம் வந்தது. உன் பெயருக்கு. நண்பா, நீ இறந்து நாற்பது நாள் ஆனது அவர்களுக்குத் தெரியாது. ‘கணுக்கால் வலி எவ்வளவு? 0 முதல் 10 வரை.’ ஆத்திரமாக வந்தது. வரிசைப்படுத்தினால்தான் எனக்கு எழுத வரும்:

1. அறுவைச் சிகிச்சை சரியான முடிவு.
2. நீ மருத்துவரிடம் பொய் சொன்னாய்.
3. பக்கத்தில் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

முதலாவதில் சந்தேகமில்லை. முதலில் பந்தாட்டம், பிறகு முப்பது வருடம் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பு. உன் கணுக்காலின் முன்பக்கம் எலும்பு துருத்தி, பாதம் மடங்கும்போதெல்லாம் இடித்தது. இரண்டு சிறு துளை வழியாகச் செதுக்கி எடுத்தார்கள். “பெரும்பாலும் பழைய வேலைக்குத் திரும்பிடுவாங்க. மூட்டு தேஞ்சிருந்தா மட்டும் வலி நிக்கலாம். மறைக்காம சொல்லணும்” என்றார் மருத்துவர். மூன்றாம் மாதம் நீ கடலில் இருந்தாய்.

அதன்பின் பரிசோதனைக்குப் போனோம். மருத்துவமனைப் படியில் நீ பக்கவாட்டாக, கைப்பிடியைப் பற்றி ஏறினாய். பார்த்தேன். கண்ணாடியை மறந்து வந்த உனக்காகப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

“வேலையில வலி எவ்வளவு?”

“முட்டை போடுலே.”

“நெசமாவா?”

“வாத்தியாருக்கு முட்டை போடத் தெரியாதாக்கும்!” என்று பள்ளி ஆசிரியனான என்னைச் சீண்டினாய். வேலை என்ற கட்டத்தில் 0 எழுதினேன்.

படகில் வலி என்று ஒருவன் வாய்விட்டால் அன்று படகே கரை திரும்ப வேண்டும் என்பது உங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டை மருத்துவரிடமும் காட்டினாயே என்று எனக்குள் கொதித்தது. ஆனாலும் படிவத்தை அப்படியே மருத்துவரிடம் நீட்டினேன். “நல்ல பலன். இனி வர வேண்டாம்” என்றார் அவர். மாரடைப்பு வந்த நாள்வரை நீ நொண்டினாய். இத்தனை நாளும் உன்மேல் எனக்கு அந்தக் கோபம்தான்.

மதியம் படிவத்தை உன் மனைவியிடம் காட்டி, “கடைசிவரை பொய் சொல்லிட்டான்மா” என்று கத்திவிட்டேன். நான் கத்தி அவள் பார்த்ததில்லை.

“பொய்யா? தண்ணிக்குள்ள வலியே இல்லண்ணே. மீன் மாதிரி நீந்துதேன்னு எங்கிட்டயும் சொல்லுவாவ. வீட்டுப் படி ஏறத்தான் உசுரு போவும்.”

வீட்டுக்கு வந்து பழைய படிவத்தின் நகலை எடுத்தேன். வேலை என்ற கட்டத்துக்குக் கீழே இன்னும் மூன்று: படி ஏறும்போது, குந்தும்போது, நடக்கும்போது. அவற்றை நான் உன்னிடம் வாசிக்கவே இல்லை. மருத்துவர் காத்திருக்கிறாரே என்ற பயத்தில் மூன்றிலும் நானே முட்டை போட்டேன்.

என் பட்டியலில் இரண்டாவது வரி தவறு. நீ கேட்டதற்கு உண்மை சொன்னாய். பொய் என் கையெழுத்தில் இருக்கிறது.