அம்மா வீட்டு ரத்தம்

ரமாத் கான்
ஞாயிறு, நவம்பர் 12, 1978

என் கண்ணே மர்கலித்துக்கு அம்மா மஸால் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடவுள் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஷிமோனும் உன் வயிற்றில் புரள்கிற அந்தக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று மூன்று வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்டுக் கேட்டு அவருக்கே சலித்திருக்கும். உன் தம்பி தாவித் போன ஓய்வுநாளுக்கு ராணுவத்திலிருந்து லீவில் வந்தான், இரண்டு மூட்டை அழுக்குத் துணியும் ஒரு ஜலதோஷமும் கொண்டுவந்தான், துணியைத் துவைத்து வாங்கிக்கொண்டு ஜலதோஷத்தை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அப்பா பஸ் பணிமனையில் இன்னும் இரண்டு வருஷம் என்று விரல் விட்டு எண்ணுகிறார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் என் அடுக்களையை என்ன பாடு படுத்துவாரோ என்று நானும் எண்ணுகிறேன். வின்னிபெக்கில் இப்போதே பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், அந்த வழுக்குகிற பூட்ஸை முதலில் தூக்கிப் போடு, ஷிமோன் கையைப் பிடிக்காமல் படி இறங்காதே. கால் வீங்குகிறது என்றால் உப்பைக் குறைக்க வேண்டும், அதனால் நீ கேட்ட அம்பா மாங்காய் ஊறுகாயை இப்போது அனுப்பவில்லை, பிரசவம் ஆகட்டும், ஒரு பெரிய டப்பாவாக அனுப்புகிறேன். குழந்தைக்கு ஏன் ஒரு சட்டைகூட அனுப்பவில்லை என்று கோபிக்காதே. பிறப்பதற்கு முன்னால் ஒரு முழ நூல்கூட வாங்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும், கண்ணேறு படும்.

இனி நீ கேட்ட விஷயம். பையனாகப் பிறந்தால் ஆஸ்பத்திரி டாக்டரே மூன்றாம் நாள் விருத்தசேதனம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம், அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம், ஷிமோன் மட்டும் டொராண்டோவிலிருந்து அதற்கென்றே இருக்கிற நம் யூத ஆளை வரவழைத்து எட்டாம் நாள்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறானாம், இரண்டில் எது நல்லது என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்வது சுலபம், எட்டாம் நாள்தான், மாப்பிள்ளை பக்கம்தான் நான். மூன்றாம் நாள் குழந்தைக்கு இன்னும் பால் குடிக்கவே சரியாகத் தெரிந்திருக்காது. ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது கண்ணே, அதை எழுதத்தான் நாலு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஃபோனில் சொல்லலாம் என்றால், நமக்குக் கனெக்‌ஷன் கிடைக்க இன்னும் வரிசையில்தான் நிற்கிறோம், தபாலாபீஸ் கூண்டில் நின்று மூன்று நிமிஷத்தில் கத்திச் சொல்கிற விஷயம் இல்லை இது.

என் அம்மா வீட்டில் ஒரு ரத்தக் கோளாறு இருக்கிறது. காயம் பட்டால் ரத்தம் உறையாது, போய்க்கொண்டே இருக்கும். பெண்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, நம் வழியாக இறங்கி ஆண் குழந்தையிடம் போய் நிற்கும். எல்லாப் பையனுக்கும் வராது, பாதிக்குப் பாதி என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அது என்னிடம் இருக்கிறது. உன்னிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நேற்று உன் ஹபீபா சித்தி வந்திருந்தாள், இப்படி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் குதித்தாள். "வயித்துல புள்ளைய வச்சிருக்கிறவளுக்குப் போயி ரத்தம் கித்தம்னு எழுதுவியா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா" என்றாள். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. "என் ஷோஷிக்கு இப்பத்தான் ஒரு நல்ல எடத்துல பேச்சு நடக்குது, இது அவங்க காதுல விழுந்தா என்னாகும், கொஞ்சமாவது யோசிச்சியாக்கா" என்று அழுதாள். எனக்கு அவள் மேல் கோபமில்லை. "ஷோஷிக்கும் நாளைக்கு ஒரு பையன் பொறப்பான்டி" என்று மட்டும் சொன்னேன். காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள், காபியை விட்டுவிட்டுப் போகிற ஆளா அவள்.

உனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான், முகாமில் குளிர் தாங்காமல் போய்விட்டான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அவன் பெயர் எஸ்ரா. குளிரில் போகவில்லை. பாக்தாதிலிருந்து விமானத்தில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து எங்களைக் கூடார முகாமில் இறக்கிய முதல் குளிர்காலம் அது, எனக்கு இருபது வயது, கூடாரத்துக்குள் கணுக்கால் அளவு சேறு. கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன்னுடைய தம்பி முராத் எட்டாம் நாளில் சாகக் கிடந்து பிழைத்ததையும், ஆறு வயதில் படியில் விழுந்து ரத்தம் நிற்காமலே போனதையும் சொல்லியிருந்தாள். சொன்ன கையோடு, "புருஷன் வீட்ல வாயத் தொறந்துடாத, உன் தங்கச்சிக்கு இனிமேதான் மாப்பிள்ள பாக்கணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எஸ்ராவின் எட்டாம் நாள் காலையில் கூடாரத்தின் நடுவே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். விருத்தசேதனம் செய்ய வந்தவர் நம் மதகுரு ஹக்காம் யெஹூதா, பாக்தாதில் பேர் போனவர், கை சுத்தமான மனுஷர். ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் அவர் உன் அப்பாவிடம், "உங்க குடும்பத்துல யாருக்காவது ரத்தம் நிக்காமப் போனதுண்டா" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "எங்க வீட்ல அப்படி யாருமில்லிங்க" என்று அப்பா சொன்னார். அது பொய்யில்லை, அவர் வீட்டில் யாருமில்லை. கம்பளிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். ஒரு கையை நீட்டி அதை விலக்கியிருந்தால் போதும். என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அம்மாவுக்குச் செய்த சத்தியம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது, நம் குழந்தைக்கு வராது, கடவுள் அவ்வளவு கொடுமைக்காரர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, கூடாரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மத்தியானம் வரை ஆறு துணி மாற்றினோம். ஹக்காம் அழுத்திப் பிடித்த விரலை எடுக்கவே இல்லை. ரோடு தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது, ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற தூரத்தில் அவன் என் மடியில் போய்விட்டான். முப்பது நாள் ஆகாத குழந்தைக்கு ஏழு நாள் துக்கம் உட்காரக் கூடாது என்பது முறை. உட்காரவில்லை. மறுநாள் ரொட்டி வரிசையில் போய் நின்றேன்.

அதற்கப்புறம்தான் நீ. நீ பிறந்து பெண் என்று நர்ஸ் சொன்னபோது நான் அழுத அழுகையைப் பார்த்து, பையன் இல்லை என்ற ஏமாற்றத்தில் அழுகிறாள் என்று உன் அப்பா வீட்டார் எல்லாரும் நினைத்தார்கள், அத்தைமார் யாராவது உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். இல்லை கண்ணே. பெண்ணே பெண்ணே என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன் நான், சந்தோஷத்தில் அழுதேன். அதை இத்தனை நாளும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

தாவித் பிறந்தபோது ஏழாம் நாள் அதே ஹக்காம் குழந்தையைப் பார்க்க வந்தார். மற்றவர்கள் காபி போட நகர்ந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முராத் மாமாவிலிருந்து. நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் ஆம்பளைங்ககிட்ட மட்டும் கேட்டேனேம்மா, கேக்க வேண்டிய எடம் பொம்பளைங்க பக்கம்தானே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே போய், குழந்தை மஞ்சளாக இருக்கிறான், எட்டாம் நாள் கிடையாது, தள்ளிவைக்கிறேன் என்று அறிவித்துவிட்டார். தாவித் மாதுளம்பழ நிறத்தில் இருந்தான்! உன் அப்பா வழிப் பாட்டி அவனை ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்க இருக்குது மஞ்சள், எனக்குத் தெரியலையே" என்றார், அதற்கு அவர், "எனக்குத் தெரியுது, நீங்க போயி கண்ணாடி மாத்துங்க" என்றார். ரத்தத்தைச் சோதித்து, அவனுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்து, நாற்பத்து மூன்றாம் நாள் நடந்தது. அத்தனை பெரிய பிள்ளை, ஒரே உதையில் திராட்சை ரசக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான். அன்றிலிருந்து அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் கத்தியைத் திறப்பதற்கு முன்னால் பெண்கள் இருக்கிற பக்கம் வந்து, உன் அம்மா வீட்டில், உன் அக்கா தங்கை பிள்ளைகளுக்கு, யாருக்காவது உண்டா என்று கேட்காமல் கை வைத்ததில்லை என்று சொல்வார்கள்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே டாக்டரிடம் போ, பிரசவ வலி வரும்வரை வைத்திருக்காதே. முராத், எஸ்ரா இரண்டு பேரையும் சொல், எழுதி வைத்துக்கொள்ளச் சொல், பிரசவத்தின்போதே அவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உன் ரத்தத்தைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போகலாம், ஆனால் பையன் பிறந்தால் தொப்புள்கொடி ரத்தத்திலேயே சோதிக்கலாம், அவனைக் குத்தக்கூட வேண்டாம் என்று நம் கிளினிக் டாக்டரம்மா சொன்னாள். பிறந்ததும் எல்லாக் குழந்தைக்கும் ரத்தம் உறைய ஒரு வைட்டமின் ஊசி போடுவார்கள், போட்டுக்கொள், ஆனால் ஊசி போட்டாச்சே என்று இருந்துவிடாதே, நம் வீட்டுக் கோளாறுக்கு அது மருந்தில்லை. சோதனை முடிவு கையில் வருகிற வரைக்கும் ஆஸ்பத்திரி டாக்டரும் தொடக் கூடாது, டொராண்டோ ஆளும் தொடக் கூடாது. யாராவது அவசரப்படுத்தினால் நீ படுத்திருந்தாலும் எழுந்து குறுக்கே நில். அவனுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் சந்தோஷமாக நடத்துங்கள், அப்போதும் அவன் மஞ்சளாக இல்லாமல், நன்றாகப் பால் குடித்து, பிறந்த எடையைப் பிடித்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் வாஸ்லைன் தாராளமாகத் தடவு, இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் மஞ்சளாக ஒரு படலம் வரும், சீழ் என்று பயந்து துடைத்து எடுத்துவிடாதே, ஆறுகிற அடையாளம் அது. மூத்திரம் போகிறானா என்று பார். துணியில் ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் இருக்கும், அதற்கு மேல் பரவினால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. கோளாறு இருக்கிறது என்று வந்தால், அவனைத் தொட வேண்டாம். இந்த மாதிரிக் குழந்தைக்கு நம் சட்டமே விலக்குக் கொடுக்கிறது, ஹக்காம் என்னிடம் அன்றே சொன்னார், காத்திருக்கிற பிள்ளையும் முழு யூதன்தான், ஆயுசு முழுக்கக் காத்திருந்தாலும் யூதன்தான். பெயரை ஜெபக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். இப்போது அவர்களுக்கு மருந்து வந்துவிட்டது, எஸ்ரா காலம் இல்லை இது, அவன் ஓடுவான், ஆடுவான், உன்னைப் பாடாய்ப் படுத்துவான். பயப்படாதே என்று எழுத எனக்கு வாயில்லை, நானே பயந்துகொண்டுதான் இருக்கிறேன். தெரிந்து பயப்படு, என்னைப் போலத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்காதே, அவ்வளவுதான். ஷிமோனிடம் ஒளிக்காமல் இந்தக் கடிதத்தைக் காட்டு.

கடிதத்தைக் காட்டு என்று உனக்குச் சொல்லிவிட்டு நான் ஒளிக்க முடியுமா. முராத் மாமா விஷயம் எஸ்ரா பிறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்பது இன்று வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் உன் விலாசம் எழுத எனக்கு வராது, அவர்தான் எழுத வேண்டும், எழுதுவதற்கு முன்னால் படித்துப் பார்த்துக் கீழே இரண்டு வரி சேர்ப்பார். கீழே மருந்துக் கடைப் பெண்ணிடம் கொடுத்து விலாசம் எழுதி வாங்கிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். வேண்டாம். ஒட்டாமல் அவரிடமே கொடுக்கப் போகிறேன். என்ன சொல்வாரோ தெரியவில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி போலக் காக்கட்டும், உன் பிரசவம் ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்தில் முடியட்டும், பையனோ பெண்ணோ, நீ அதன் பேரப்பிள்ளைகளையும் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும். டாக்டரிடம் போனதும் எனக்கு ஒரு தந்தி கொடு, 'போனேன்' என்று ஒரு வார்த்தை போதும்.

உன்னை ஆயிரம் தடவை முத்தமிடும்,
அம்மா மஸால்

மர்கலித், அப்பா எழுதுகிறேன். அம்மா இதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மாடியில் காய்கிற துணியை எடுத்து வருகிறேன் என்று போனாள். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இன்று நாங்கள் துணியே துவைக்கவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டேன். அவள் சொன்னதில் ஒன்றைக்கூட விடாமல் செய். கடிதம் நாளைக் காலை அவசரத் தபாலில் போய்விடும். அன்றைக்கு நடந்ததில் ஒன்று மட்டும் மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருமில்லை என்று நான் சொன்ன பிறகு ஹக்காம் விடவில்லை, "உங்க சம்சாரம் வீட்ல?" என்று கேட்டார். எனக்குக் குளிர், பசி, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்ற அவசரம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டேன். கம்பளிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள், நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தேழு வருஷமாக அவளிடம் இதைச் சொல்லவும் இல்லை. இப்போது மேலே போய்ச் சொல்லப் போகிறேன்.

அப்பா நாஜி