அது எந்தச் சரி?

ஏனுங்க,

எழுப்பினா மறுபடியும் சண்டை வரும், அதனால எழுதி வெச்சுட்டுப் போறேன். தட்டப்பயிறு குழம்பு அடுப்பு மேலயே இருக்குது, சூடு பண்ணிக்குங்க.

பத்து மணிக்கு அந்தக் கடன் கலெக்‌ஷன்காரன் திரும்பக் கூப்பிடுவான். போனை எடுக்காதீங்க, ஆன்சரிங் மெஷின் பேசட்டும். நாம நியூஜெர்சியில இருந்தப்ப உங்க சிநேகிதர் சேனாபதி உங்க கிரெடிட் கார்டுல வாங்கித் தள்ளிட்டு இந்தியாவுக்குப் போனாரே, அந்தக் கடன்தான். எனக்குத் தெரிஞ்சதே போன வாரம்.

கடைசியாப் பணம் கட்டி அஞ்சு வருசம் ஆச்சு. வக்கீல் சொல்றார், நியூஜெர்சி சட்டம்னா ஆறு வருசம் வரைக்கும் கேஸ் போடலாம், இப்ப நாம இருக்கற டெக்சாஸ் சட்டம்னா நாலு வருசத்தோட முடிஞ்சுது. எது செல்லும்னு கார்டு அக்ரிமென்ட்டைப் பாத்துத்தான் சொல்லுவாராம். அதுவரைக்கும் அஞ்சு டாலர்கூட அனுப்பக் கூடாது. அனுப்பினா வருசக் கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிச்சாலும் ஆரம்பிச்சுருமாம். கடன் என்னுதுன்னு வாயாலயும் சொல்லக் கூடாது.

உங்க வாயை நெனச்சாத்தான் பயமா இருக்குது. யார் பேசினாலும் நடுவுல நடுவுல "யெஸ், யெஸ்"ங்கறீங்க. நம்மூர்ல "சரிங்க, சரிங்க"ங்கற மாதிரி, காதுல விழுகுதுன்னு அர்த்தம். அவனுக்கு அது நீங்க ஒத்துக்கிட்ட பேச்சு.

அக்ரிமென்ட் கராஜுல மஞ்சப் பெட்டியில இருக்கும். சாவி ஆணியில மாட்டியிருக்கறேன். நான் வர்றதுக்குள்ள எடுத்து வைங்க.

கோகிலா

இன்னொண்ணு. நேத்து, "அவனுக்கு ஏற்கெனவே ஏதாச்சும் அனுப்பியிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க"ன்னேன். "சரி, சரி"ன்னீங்க. செக் புக்குல ஒரு தாள் குறையுது. அது எந்தச் சரி?