தளிர்விட்ட அச்சு

வானம் வழுவாது பொழிக. வழிகள் பிசகாது வாய்க்க. ஏறிய உயிர் யாவும் இறங்கி வீடு சேர்க.

செவ்வரை நாட்டின் தனிக்குடை வேந்தர், ஏழு கணவாய்க்கும் காவலர், எளியோர் முறையிட்டால் எழுந்து நின்று கேட்கும் கோமான் ஆதன் நெடுங்குடையார் திருவாய்மொழிந்தபடி, அவர்தம் அறக்களத்து அமைச்சன் கீரன் எயினன், மேல்குன்றக் கூற்றத்தின் தலைவரும், ஆனைச்சரிவுச் சாவடி முத்திரைக்கு உரியவரும், பழங்குடிப் பெருமகனும் ஆகிய வெளியன் மாசாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் குன்றுகளில் தேன் குறையாதிருக்கட்டும். உம் சுனைகள் வற்றாதிருக்கட்டும். உம் இல்லத்தார் நோயின்றி இருக்கட்டும். இன்னும் நான்கு அடி வாழ்த்து எழுதுவது அறக்கள மரபு. அதற்கு இப்போது நேரம் இல்லை.

இவ்வோலை உம் கைக்கு வரும்போது சுனையாட்டு விழாவின் இறக்கத்துக்கு ஒரு பகலே மிச்சம் இருக்கும். மலைச்சுனையில் நீராடிய பெண்டிரும் பிள்ளைகளும் மறுநாள் காலை ஆனைச்சரிவு வழியே வண்டிகளில் இறங்குவர். அவர்களுக்கென்று பெருந்தச்சர் தழும்பனாரின் பட்டறையில் பதினொரு புது வண்டிகளை வாங்கி, நல்ல வண்டி என்று முத்திரையும் இட்டு, மலைமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறீர். அவற்றில் ஒன்றுகூட இறங்கலாகாது. ஓலையைக் கடைசிவரை படித்துவிட்டு ஆள் அனுப்பலாம் என்று இருந்துவிடாதீர். முதலில் ஆளை அனுப்பும். பிறகு உட்கார்ந்து மீதியைப் படியும்.

அனுப்பிவிட்டீரா? நன்று. இனிக் காரணம் கேளும்.

உம் கூற்றத்து மருத்துவச்சி கொற்றி பன்னிரண்டு நாட்களுக்கு முன் எம் அறக்களம் வந்து சேர்ந்தாள். அவள் வழக்கில் நீர் எழுதிய தீர்ப்போலையில் அவளை 'யாரோ ஒரு மருத்துவச்சி' என்று எழுதியிருக்கிறீர். உம் மூத்த மகனின் தொப்புள்கொடியை அறுத்தவள் அவள்தான் என்பது நெடுமதில் நகரத்தில் இருக்கும் எமக்கே தெரிந்துவிட்டது, உமக்கு மறந்துவிட்டதாம். போகட்டும். மலையூர்களில் வலி கண்ட பெண்களைக் கீழே மருத்துவச் சாலைக்குக் கொண்டுவருவதற்காக, பதினேழு ஆண்டு உழைப்பைக் கொட்டி, பங்குனி முதலில் தழும்பனாரின் பட்டறையில் அவள் ஒரு புது வண்டி வாங்கினாள். பூச்சூட்டி, பொட்டிட்டு, இரு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் ஓட்டினாள். ஒன்பதாம் நாள் அச்சில் கீறல் விழுந்தது.

பட்டறைக்குக் கொண்டுபோனாள். அச்சின்மேல் ஓர் இரும்புப் பட்டையைச் சுற்றிவிட்டு, வலச் சக்கரத்துப் பழம் சரியாக நசுங்கவில்லை, அதனால் கண்ணேறு பட்டது என்று தழும்பனார் அருளினாராம். அவளும் நம்பி, ஒரு பூசணிக்காய் வாங்கி முச்சந்தியில் உடைத்தாள். இருபது நாள் கழித்து அதே இடத்தில், பட்டைக்கு அடியிலேயே, மறுபடி கீறல் விழுந்தது. இரண்டாம் முறை போனபோது பாதை கோணல் என்றார். மாடு இளசு என்றார். ஓட்டுபவள் பெண்பிள்ளை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! முப்பத்துநான்கு நாள் வண்டியைப் பட்டறையில் போட்டு வைத்தார். அந்நாட்களில் ஓட்ட மாற்று வண்டி தரவேண்டும் என்பது சட்டம்; அவர் தரவில்லை. வலி கண்ட இரண்டு பெண்களைப் புடவையில் தூளி கட்டி, ஆண்கள் தோள்மாற்றித் தூக்கி இறக்கினார்களாம்.

மூன்றாம் முறையை எழுத எம் எழுத்தாணி தயங்குகிறது. செம்மையாயிற்று என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்த ஏழாம் நாள், வேம்பி என்னும் தலைச்சூல் பெண்ணை ஏற்றிக்கொண்டு கொற்றி ஆனைச்சரிவில் இறங்கினாள். நான்காம் வளைவில் அச்சு இரண்டாக முறிந்தது. வண்டி பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. கொற்றி குதித்து, தன் வலக் கையையும் தோளையும் வண்டித்தட்டின் அடியில் கொடுத்துத் தாங்கினாள். மாடுகள் இரண்டும் குளம்பை ஊன்றி நின்றன. அந்த வாயில்லா உயிர்களுக்கு இருந்த பொறுப்பு பட்டறைக்கு இல்லை. கீழிருந்து ஆட்கள் ஓடிவந்து தட்டைத் தூக்கும்வரை அவள் கை அடியிலேயே இருந்தது. குழந்தை அங்கேயே பிறந்தது. கொற்றி இடக் கையால் அதை ஏந்தினாள். தாயும் சேயும் நலம். கொற்றியின் வலக் கை விரல்கள் மடங்குவதில்லை; இனி மடங்கா என்று அரண்மனை மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவள் சொன்னதை எழுத்தர் செந்தமிழாக்க முனைந்தார். யாம் தடுத்து, அவள் வாயில் வந்தபடியே எழுதச் சொன்னோம். "எங் கை போனா போவுது சாமி. எடக்கை இருக்கு, அதப் பழக்கிக்குவேன். அந்தப் பதினோரு வண்டியும் இதே மரந்தான். நாந் தடவிப் பாத்தேன், அடியில ஈரம் கசியுது. அதுல பச்சப் புள்ளைங்கள ஏத்தப் போறாங்க. எனக்கு வண்டியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அத மட்டும் நிறுத்துங்க."

இவள் முதலில் உம்மிடம்தான் வந்தாள். அச்சுமரம் மூன்றாண்டு நிழலில் உலர்ந்த கருவேலம் என்று தழும்பனார் சத்தியம் செய்தார், அவர் மைத்துனர் அதற்குச் சாட்சி சொன்னார், ஆகவே குறையில்லை என்று நீர் தீர்ப்பெழுதினீர். வேலிக்கு ஓணான் சாட்சி! அதோடு, பூசை போட்டு எடுத்தபின் வண்டிக்கு எது நேர்ந்தாலும் பட்டறையைக் கேட்கமாட்டேன் என்று கொற்றி ரேகை வைத்த ஓலையையும் காட்டினீர். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம், புது வண்டி வாங்கும் மகிழ்ச்சியில் நிற்கும்போது, இங்கே கைவை என்று நீட்டி வாங்கிய ரேகை அது. நம் வேந்தரின் பாட்டனார் காலத்திலிருந்தே வாங்குபவரின் உரிமையை எந்தக் கையோலையாலும் விற்கவோ புதைக்கவோ முடியாது. ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை செய்தவன் குறையே. வாங்கியவள் அதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, குறையில்லை என்று செய்தவனே மெய்ப்பிக்க வேண்டும். ஒரே குறை மூன்றாம் முறை தலைகாட்டினால், புது வண்டியா கொடுத்த விலையா என்று வாங்கியவளே தேர்ந்து சொல்வாள். பட்டறை வாயை மூடிக்கொண்டு கொடுக்கும். இந்தச் சட்டம் உம் சாவடித் தூணிலேயே கல்லில் வெட்டியிருக்கிறது. நீர் நாள்தோறும் அதில்தான் மேலாடையைத் தொங்கவிடுகிறீராம்.

மரத்துக்கு வருவோம். உம் தீர்ப்பைக் கேட்டு வீடு திரும்பிய கொற்றி, முறிந்த அச்சின் பாதியை மாடு கட்டும் முளையாக முற்றத்தில் அடித்துவைத்தாள். ஆனி மழை பெய்தது. பன்னிரண்டாம் நாள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் குடத்தை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாளாம். கடுக்காய் மையும் எண்ணெயும் ஏற்றிக் கறுப்பாக்கிய அந்த அச்சு தளிர் விட்டிருந்தது. மேலே இரண்டு இலை, நல்ல பூவரசு இலை. கருவேலமும் இல்லை, உலர்ந்ததும் இல்லை. வெட்டிய ஈரம் காயாத பச்சைப் பூவரசு. மண்ணோடு பெயர்த்தெடுத்து, இடத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆறு நாள் நடந்து வந்தாள். வேந்தர் இருக்கையைவிட்டு இறங்கிவந்து அந்த இலையைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாண்டு உலர்ந்த மரம் இலை விடுமோ என்று அவையை வினவினார். பிற பட்டறைத் தச்சர் மூவரை வரவழைத்து அறுத்துப் பார்க்கச் செய்து, உம் மலைமேல் நிற்கும் வண்டிகளையும் மறைவாக ஆள்விட்டுச் சோதித்து அறிய இத்தனை நாள் ஆயிற்று. பதினொன்றும் பச்சை மரம்.

இனி எழுதுவதை 'யாம்' என்று எழுதக் கூசுகிறது. நான் எழுதுகிறேன்.

முதல் இறக்கம் என்று நம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டல்லவா? வண்டி செய்தவன், தன் மனைவி மக்களோடு, சுமை ஏற்றிய அந்த வண்டியில் ஆனைச்சரிவு முழுவதும் இறங்கிக் காட்டிய பின்னரே வாங்கியவர் கயிற்றைக் கையில் வாங்குவார். தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டியவன் பச்சை மரத்தில் அச்சு போடமாட்டான். நூறு சோதனைக்கு அந்த ஒரு வழக்கம் சமம். ஈராண்டுக்கு முன் தழும்பனார் முழங்கால் வீங்கியதென்றும், அது ஆறும்வரை தமக்கும் தம் மனைவி மக்களுக்கும் பதிலாகத் தம் செருப்பை இருக்கையில் வைத்து இறக்க இசைய வேண்டும் என்றும் விண்ணப்பித்தார். பெரியவர், கைராசிக்காரர், அவர் செருப்பு இருந்தால் அவரே இருந்தது போல என்று நான் இசைந்தேன். மக்களும் அந்தச் செருப்புக்குச் சந்தனம் பூசி, பூ வைத்து, கும்பிட்டு ஏற்றினார்கள். முழங்கால் ஆறிற்றா என்று கேட்க எனக்கு ஈராண்டாகத் தோன்றவில்லை. கொற்றிதான் சொன்னாள்: சென்ற தையில் காளை விரட்டும் பந்தயத்தில் தழும்பனார் முதலாவதாக ஓடிவந்தாராம்! அவையே சிரித்தது. கொற்றியின் கையை நசுக்கியது அந்த அச்சு மட்டும் அன்று; என் இசைவும்தான். அவளிடம் நேரில் இதைச் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள்.

என் பிழை மறதி. உம் பிழை அதுவன்று, மாசாத்தனாரே. விழா இறக்கத்துக்கு யார் யார் எந்த வண்டி என்று நீர் வகுத்த ஓலையின் படி என் முன் கிடக்கிறது. ஊராருக்குப் பதினொரு புது வண்டிகள். உம் இல்லத்துப் பெண்டிர் பிள்ளைகளுக்கு மட்டும் உம் தந்தையார் காலத்துப் பழைய வண்டிகள் மூன்று. பெருந்தன்மையால் பழையதை எடுத்துக்கொண்டேன் என்று சொல்வீராயின், கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? நீர் அறிந்திருந்தீர். இதற்கு விளக்கம் எழுதி அனுப்ப வேண்டாம். நேரில் கேட்போம்.

ஆகவே வேந்தர் ஆணை இது. பதினொரு வண்டியின் அச்சையும் கழற்றி, ஊரார் காணக் கோயில் வாயிலில் கிடத்துக. சூல் கொண்டவரும் கைக்குழந்தைக்காரரும் உம் இல்லத்துப் பழைய வண்டிகளில் முதலில் இறங்குக. மற்றவர் நடந்தும் தூளியிலும் இறங்குக. உம் இல்லத்தார் கடைசியாக நடந்து இறங்குக. கொற்றிக்கு அவள் கேட்காவிட்டாலும் அவள் தேரும் பட்டறையில், அவள் கண்முன் அறுத்த உலர்ந்த மரத்தில் புது வண்டி செய்து தருவது தழும்பனார் கடன். வேண்டாம் என்றாள் என்பதற்காக உரிமை ஓடிப்போகாது. செருப்பு வைக்கும் இசைவு இந்த நொடியோடு அற்றது. செய்தவரே அமர வேண்டும்.

இத்தனைக்கும் மேல், மரம் நல்ல மரமே என்று தழும்பனார் மீண்டும் சத்தியம் செய்வாராயின், யாம் மறுக்கமாட்டோம். ஒரே ஒரு வண்டியில் மட்டும் அச்சை மாட்டுக. பெண்டிரும் பிள்ளைகளும் ஏறலாகாது. மணல் மூட்டை ஏற்றி, நடுவில் அவரை அமர்த்துக. நல்ல வண்டி என்று முத்திரை இட்டவர் என்பதால் அவருக்கு வலப்புறம் நீர் அமர்க. செருப்புக்கு இசைந்தவன் என்பதால் இடப்புறம் நான் அமர்வேன். நாளை விடியலில் புறப்படுகிறேன். இறக்கத்துக்கு முன் வந்துவிடுவேன். நான்காம் வளைவில் கொற்றி நின்றிருப்பாள். அவள் என்னோடு வருகிறாள்.

குடை முத்திரை இட்டு, வேந்தர் முன்னிலையில், ஆனித் திங்கள் முடிவில் எழுதிய இவ்வோலையை மீறுபவர் வழி அடைபடுக. காப்பவர் வழி நெடிது நீளுக.

இத்துடன் ஒரு பொதி வருகிறது. கொற்றியின் வண்டிக்கு முதல் இறக்கத்தில் வைத்த செருப்பு அது; அவள் இருக்கையிலிருந்து எடுத்து வந்தாள். சந்தனம் இன்னும் ஒட்டியிருக்கிறது. உரியவரிடம் சேர்த்துவிடும். காலில் மாட்டிக்கொண்டு வரச் சொல்லும்.