இறாலின் காலடி வரை

ஆகஸ்ட் 27
இன்றும் குழாயில் கஷாய நிறத்தில் தண்ணீர். நாற்றம் வேறு. நான் இந்த நகரத்தின் கவுன்சிலர். ஆற்றின் வடகரையில் இருக்கும் என் வீட்டுப் பாத்திரத்தையே இதில் கழுவக் கூசுகிறது.

பேரன் ஃபின்னின் முதுகு முழுக்கச் சிவந்து தடித்திருக்கிறது. என் மகள் டெஸ் அவனைக் கடைத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறாள். "பிப்ரவரில கோடை முடியறதுக்குள்ள நல்ல தண்ணி வரலன்னா நாங்க அடிலெய்டு போயிடுவோம்மா" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 29
மேயர் டக் ஃபெரியர் வடகரைக் குழாய்த் திட்டத்தை மறுபடி தள்ளிப்போட்டார். அதற்குப் பதிலாக, நெடுஞ்சாலை முனையில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு ஆற்று இறால் சிலை வரப்போகிறது. ஊருக்கு ஊர் பெரிய வாழைப்பழம், பெரிய செம்மறி என்று சிலை வைத்திருக்கும்போது நமக்கு ஒன்றும் இல்லாதது மானக்கேடாம். கொடுக்கிலிருந்து தண்ணீர் வேறு பீச்சுமாம்.

என் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, ஒரு வாய் குடியுங்கள் என்றேன். ஜாடியிலிருந்த சுத்தமான தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டு அடுத்த தீர்மானத்தைப் படித்தார்.

செப்டம்பர் 8
அடுத்த வாரம் மேயர் தேர்தல். ஒன்பது கவுன்சிலர்களும் எங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலு பேர் டக் பக்கம், நாலு பேர் நோலீன் பிரவுஸ் பக்கம். மிச்சம் நான். திடீரென்று எல்லோருக்கும் என்மேல் பாசம்.

டக் ஒரு பை இறைச்சியை அன்பளிப்பாகக் கொண்டுவந்து, துணை மேயர் பதவி தருகிறேன் என்றார். வீடு விற்றுக்கொடுக்கும் நோலீனோ டீக்குக் கூப்பிட்டாள். குழாயைத் தவிர எதுவும் வேண்டாம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மேயர் சங்கிலியப் போட்டதும் முதல் வேலை உன் குழாய்தான். போதுமா, க்ளெனிஸ்?"

செப்டம்பர் 17
நோலீனுக்குக் கை தூக்கினேன். ஜெயித்தாள். டக் தன் சங்கிலியைக் கழற்றிச் சிரித்தபடியே அவள் கழுத்தில் போட்டார். தோற்றவனுக்கு என்ன சிரிப்பு?

டெஸ் கட்டி வைத்த பெட்டிகளில் பாதியைப் பிரித்துவிட்டாள்.

அக்டோபர் 15
சிரிப்புக்கு விளக்கம் கிடைத்தது. டக்தான் துணை மேயர். எனக்கு ஆசை காட்டிய பதவியை நோலீனிடம் முன்கூட்டியே தனக்குப் பேசி வாங்கியிருக்கிறார். இறால் வேலையை நிறுத்தப்போவதில்லை. குழாய் 'ஆய்வுக்கு'ப் போகிறது.

நடையில் நோலீனை மறித்தேன். "இத்தனை வருஷமா அரசியல்ல இருந்துட்டு பச்சப்புள்ளயாட்டம் பேசாதப்பா" என்றாள்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அதில் ஒன்றை நானே தூக்கி மேயர் நாற்காலியில் வைத்தேனே.

அக்டோபர் 16
டெஸ்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 6
இறால் திறப்பு விழா. ரொட்டியில் வெங்காயத்தோடு மடித்துக் கொடுத்த சாசேஜ் கறி, பள்ளி வாத்தியக் குழு, தொலைக்காட்சிக்காரர்கள். நோலீன் வெள்ளை கவுனும் சங்கிலியுமாகப் பொத்தானை அழுத்தினாள். கொடுக்கிலிருந்து பீச்சியடித்தது எங்கள் வடகரைக் கஷாயம்! கவுன், சங்கிலி, டக்கின் தொப்பி எல்லாம் பழுப்பு. அந்த முனைக்கு வேறு குழாயே கிடையாது. வரைபடம் போட்டவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவர்களில் யார் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்?

சிரித்த சிரிப்பில் என் ரொட்டியிலிருந்த வெங்காயமெல்லாம் கீழே கொட்டிவிட்டது. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். டெஸ் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஜனவரி 14
மாநில அரசு அவசர நிதி கொடுத்துவிட்டது. வடகரையை நோக்கிப் பள்ளம் தோண்டுகிறார்கள். ஃபின் இயந்திரத்துக்கு டாட்டா காட்டினான். மீதிப் பெட்டிகளையும் டெஸ் பிரித்துவிட்டாள்.

பிப்ரவரி 5
தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். புதுக் குழாய் இறாலின் காலடி வரைதான். அதற்கு அப்பால் 'இரண்டாம் கட்டம்'. இறாலின் வாலிலிருந்து பந்தை எறிந்தால் எங்கள் தெருவில் விழும்.

நோலீனின் அறைக்கே போய்க் கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டிவில காட்டினது இறாலத்தானே? உன் தெருவையா காட்டினாங்க?"

சீ. இதுங்கள்லாம் மனுஷங்களா? இதுங்களோட ஒரே மேசையில நானும் உக்காந்திருக்கேனே!

பிப்ரவரி 26
டெஸ்ஸின் காரில் பெட்டிகளை ஏற்றினேன். இறால் வரை கூடவே போனேன். காலையிலேயே எங்கள் தெருக்காரர்கள் கேன்களோடு அங்கே வரிசையில் நின்றார்கள். ஃபின்னின் பாட்டிலைப் பார்த்ததும் முன்னால் வழிவிட்டார்கள். கொடுக்கின் கீழே பிடித்தேன். கண்ணாடி மாதிரி தண்ணீர்.

கார் நகரும்போது ஃபின் இறாலைப் பார்த்துக் கை தட்டினான். அதன்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பின்னால் நிற்பவர்கள் குடிக்கிற தண்ணீர் என்பதால் துப்பவில்லை.