வெட்டாதே என்று சொல்ல ஒருவர்

12 ஜூன் 1984, செவ்வாய்

புடலைப் பிஞ்சுகளின் நுனியில் கல் கட்டினேன். இல்லாவிட்டால் சுருண்டுவிடும். கயிற்றை முடிச்சிட இரண்டு கை போதவில்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காக்கையிடம் சொல்வதுபோல, "இன்னைக்கு ஸ்கூல்ல மீட்டிங். வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஈஸ்டரிலிருந்து இப்படித்தான். நானும் பதிலைப் பாத்திரங்களிடம்தான் சொல்கிறேன்.

17 ஜூன், ஞாயிறு

பூசைக்குச் சேர்ந்துதான் போனோம். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். அங்கே இருக்கும்போது மட்டும் எங்களிடம் யாரும் வித்தியாசம் காண முடியாது.

1 ஜூலை, ஞாயிறு

கொத்தனார் பொம்மையன் வந்து தோட்டத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். வாடகைக்கு விட இவர் ஒரு போர்ஷன் கட்டப் போகிறார். கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல் எல்லாம் கோட்டுக்குள். இவரே சிறுமலையிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்த எலுமிச்சையும்.

"ராயப்பராஜ் சாரே, இந்த மரம் இருந்தென்ன போயென்ன? ஒரு காய் உண்டா?" என்றார் பொம்மையன் இவரிடம்.

ஈஸ்டர் அன்று இதற்குத்தான் சண்டை. பிள்ளையில்லாத வீட்டில் எனக்கென்று வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "இம்புட்டுக் கத்தரிக்காய்க்கா இம்புட்டுப் பேச்சு?" என்றார். எங்களுக்குள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அது.

9 ஜூலை

ஆடி பிறக்கப் போகிறது. விதைப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். தோண்டப் போகிற இடத்தில் எதை ஊன்றுவது?

22 ஜூலை, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெருமாயி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "அந்த எலுமிச்சய வெளக்கமாத்தால நாலு சாத்து சாத்து தாயி. ரோசம் வந்து காய்க்கும்."

என் முகம் மாறியிருக்க வேண்டும். காய்க்கவில்லை என்றால் அடியா? இருபது வருடமாக இந்தத் தெருவில் நான் வாங்காத விளக்குமாறா? அவளுக்கும் புரிந்துவிட்டது. "சரி, அடிக்க வேணாம். மெரட்டிப் பாப்போம்" என்றாள்.

அதற்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒருத்தி அரிவாளோடு போய் வெட்டப் போகிறேன் என்று மரத்திடம் உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொருத்தி, வெட்டாதே, வர்ற வருசம் காய்க்கும் என்று தடுக்க வேண்டும். பயத்தில் மரம் பூத்துவிடுமாம்.

"ஆடிப் பதினெட்டு அன்னைக்கு விடிஞ்சதும் சொல்லு. நான் சுவத்துக்கு இந்தப் பக்கமிருந்து கொரல் குடுக்குறேன். ஒண்ணு தாயி, தடுக்க ஆள் இல்லேன்னா வெட்டித்தான் ஆகணும். மரம் கேட்டிருச்சுல்ல."

பி.ஏ. படித்தவள், தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

30 ஜூலை

அடுத்த திங்கள் வேலை ஆரம்பமாம். செய்தித்தாளிடம் சொன்னார். இன்று நான் யாரிடமும் பேசவில்லை, இந்தப் பக்கத்தைத் தவிர.

2 ஆகஸ்ட், வியாழன்

விடிந்ததும் அரிவாளோடு போனேன். சுவருக்கு அப்பால் சாணி தெளிக்கும் சத்தம். பெருமாயி தயாராக இருக்கிறாள் என்று நினைத்து, "ஏழு வருசமா ஒரு காய் இல்ல. இன்னைக்கு இந்த மரத்த வெட்டப் போறேன்" என்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

எட்டிப் பார்த்தது அவள் மருமகள். "அத்தை ஆத்தூருக்கு முதல் பஸ்ஸுல போயிட்டாக. இன்னைக்குப் பதினெட்டாம் பெருக்குல்ல?"

நாள் குறித்துக் கொடுத்தவளே மறந்துவிட்டாள். நான் சொன்னதைச் சொல்லியாயிற்று. இரண்டு தடவை. தடுக்க யாரு இருக்கா எனக்கு? திங்கக்கிழமை எப்படியும் வெட்டத்தானே போறாங்க — நானே வெட்டிட்டாத்தான் என்ன? கிளையைப் பிடித்தேன். முள் ஏறியது. ஓங்கிவிட்டேன்.

"வெட்டாத."

பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். "வெட்டாத. வர்ற வருசம் காய்க்கும்."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வார்த்தைகள் கணக்கு வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? பிடித்த கையை விட நேரமானது. போகும்போது, "மொண்ணை அருவா" என்றார்.

யாரிடம் சொன்னார்? என்னிடமா, மரத்திடமா?

6 ஆகஸ்ட், திங்கள்

பொம்மையன் இரண்டு ஆட்களோடு வந்தார். "அடுத்த வருசம் பாப்போம் பொம்மையா" என்று இவர் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். "ஏன் சாரே, பணம் முடையா?" "மரம் காய்க்கட்டும்ப்பா." பொம்மையன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெண்டை ஊன்றினேன். ஆடியில் இன்னும் நாள் இருக்கிறது.

காலைச் சாம்பாரில் உப்பே இல்லையாம். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.