கையெழுத்துப் போடாத படிவம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். உன் விடுதி வார்டன் அனுப்பிய படிவம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ சொந்த விருப்பத்தில் அறை மாறக் கேட்டதாகவும் பெற்றோர் சம்மதிப்பதாகவும் அதில் அச்சடித்திருக்கிறது. யாருடைய விருப்பம்? உன் அறைத்தோழி தன் சிநேகிதிகளை உன் கட்டிலில் உட்காரவைத்துக் கச்சேரி நடத்துவாள், நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காருவாய், கடைசியில் பெட்டி கட்ட வேண்டியதும் நீயா? உன் அப்பாவோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு, பெண் நிம்மதியாகப் படிக்கட்டும் என்றார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன், மறைக்கவில்லை. போன மாதம் நீ போனில் அழுதபோது, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ என்று சொன்னவளும் நான்தானே.

மறுநாள் தையல் கம்பெனியில் ஒன்று நடந்தது. பதினெட்டு வருஷமாக நான் அங்கே லைன் சூப்பர்வைசர், பக்கத்துப் பக்கத்து மிஷினில் சண்டை வந்தால் ஒருத்தியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அன்று காலர் தைக்கிறவளுக்கும் பட்டன் தைக்கிறவளுக்கும் ஒரு கத்தரிக்கோலுக்காகத் தகராறு. வழக்கம்போல பட்டன்காரியை ஜன்னலோர மிஷினுக்குப் போகச் சொன்னேன். அவள் அசையவில்லை. "எப்பவும் நானே எதுக்குக்கா எந்திரிக்கணும்? நான் கத்த மாட்டேன்னுதானே?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தப்பு யார் மேல் என்று நான் பார்த்ததே இல்லை, யார் சத்தம் போடாமல் எழுந்து போவாள் என்றுதான் பார்த்திருக்கிறேன். உன் வார்டனும் அதைத்தான் செய்கிறார், என் வேலையை என் பெண்ணிடமே காட்டுகிறார். அன்று இரண்டு பேரையும் உட்காரவைத்து விசாரித்தேன், லைன் அரை மணி நேரம் நின்றது, மேனேஜர் கத்தினார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன்னிடமும் குறை இருக்கிறது. நாலு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால் உன் அறைத்தோழிக்கு என்ன ஜோசியமா தெரியும்? அவளும் ஒருத்தி பெற்ற பெண்தான், பேய் இல்லை. சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து, என் கட்டிலில் யாரும் உட்கார வேண்டாம், ஏழு மணிக்கு மேல் அறையில் கூட்டம் வேண்டாம் என்று இரண்டே வாக்கியம் சொல், கேட்காவிட்டால் வார்டனிடம் போ. அவள் அம்மாவின் நம்பரை மட்டும் எனக்குக் கொடுத்துவிடாதே, நான் கெஞ்சினாலும் கொடுக்காதே, என் வாய் உனக்குத் தெரியும். பேசிப் பார்த்த பிறகு நீயாகவே வேறு அறை வேண்டும் என்று நினைத்தால் தாராளமாகப் போ, அது வேறு. ஆனால் படிப்பையே விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பேச்சு இனி வேண்டாம். கட்டிலைக் கொடுத்தது போதாதென்று படிப்பையும் கொடுப்பாயா?

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், நீயே கொண்டுபோய்க் கொடு. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் கையெழுத்துப் போடாமல், என் மகளைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அப்பா அதைப் படித்துவிட்டு உறையில் உன் முகவரியை எழுதினார். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருப்பாய், இரண்டு பேருடைய ஆசியும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, வார்டன் கேட்கும்போது குரல் நடுங்கினால் நடுங்கட்டும், பாதியில் நிறுத்தாமல் சொல்லி முடி.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா